பதினொன்றாம் வார்டு நாற்காலி

ஜூன் 8, ஞாயிறு

உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. இனி எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன். பெரிய தலைவர்கள் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். செங்காட்டூர் நகராட்சி பதினொன்றாவது வார்டு உறுப்பினர் கா. தளவாய் எழுதாமல் போய்விட்டால், பின்னால் வருகிறவர்கள் என்னைப் பற்றி எதைப் படிப்பார்கள்? நான் படித்தது ஆறாம் வகுப்பு. இதற்கு மேல் உனக்குச் சொல்லித்தர எங்களிடம் சரக்கு இல்லை என்று வாத்தியாரே அனுப்பிவைத்தார்.

இன்று கொம்பையாவுக்குப் பதினாறாம் நாள். கொம்பையா என் தங்கை மகள் பிரமு என்கிற பிரமாச்சியின் புருஷன். புரோட்டா மாஸ்டர். கடை சாத்திவிட்டு மழையில் சைக்கிளில் வந்தவன், பாதாளச் சாக்கடைக்காக நகராட்சி தோண்டிப்போட்ட குழியில் விழுந்தான். தடுப்பு கிடையாது, விளக்கு கிடையாது. தண்ணீர் நிறைந்து ரோடும் குழியும் ஒரே மட்டமாகக் கிடந்திருக்கிறது. குழி வெட்டின ஒப்பந்தக்காரர் நம் சேர்மன் நவநீதராஜின் மச்சினர். இதை ஊரில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. நானும் இங்கே மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

விசேஷத்துக்கு முந்நூறு பேருக்குக் குறையாமல் வந்தார்கள். எல்லாம் என் முகத்துக்காக. எழுபது இலைதான் விழுந்தது என்கிறாள் என் மனைவி ஆவுடை. அவளுக்கு எண்ணத் தெரியாது.

கூட்டம் கலைந்தபிறகு பிரமு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மாமா, எனக்கு ஒண்ணும் வேண்டாம். அந்தக் குழிக்கு ஒரு கயிறு கூட ஏன் கட்டலன்னு அந்த மனுஷன ஆளுக எந்திச்சு நின்னு கேக்கணும். அவரு அதுக்குப் பதில் சொல்லிட்டு அந்த எடத்த விட்டு எறங்கணும். அவ்வளவுதான்.”

“ஆளுக எதுக்குட்டி? நான் ஒருத்தன் எந்திச்சா போதாதா? மன்றத்துல ஃபேன் நின்னுரும்லா” என்றேன்.

என் தங்கை சாகும்போது பிரமுவுக்கு ஆறு வயது. சாப்பிடவே மாட்டாள். நான்தான் கதை சொல்லிச் சொல்லி ஊட்டுவேன். நான் புலியை அடித்த கதை, கலெக்டரை எழுந்து நிற்கவைத்த கதை. ஒவ்வொரு வாய்க்கும் “பெறவு மாமா?” என்பாள். அந்த “பெறவு” வந்தால்தான் எனக்கு அடுத்த புலி வரும்.

இன்றும் கேட்டாள். “பெறவு மாமா?”

“பெறவென்ன? நவநீதராஜ் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வீட்டப் பாத்து நடப்பான்.”

அழுதுகொண்டிருந்தவள் லேசாகச் சிரித்தாள். பதினாறு நாளில் முதல் சிரிப்பு என்று ஆவுடை சொன்னாள். அதை மட்டும் சரியாக எண்ணியிருக்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

ஏழாவது வார்டு எஸ்தர் ராணி வந்தாள். தையல்கடை வைத்திருக்கிறாள். சேர்மனும் அவளும் நானும் எல்லாரும் ஒரே கட்சிதான். ஆனாலும் நவநீதராஜ்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறாள். ஏற்கெனவே பதினாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் பதினேழாவது. என் கையெழுத்துக்கு மூன்று வரி இடம் வேண்டும், அதனால் மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கினாற்போல ஆகிவிட்டது.

“அண்ணாச்சி, கையெழுத்து பெருசா இருக்குறது முக்கியமில்ல. அன்னைக்கு வந்து நிக்கணும். மொத்தம் இருவது பேருல பதினாறு பேரு அவருக்கு எதுரா நின்னாத்தான் எறங்குவாரு. வராதவன் கணக்கும் அவரு பக்கம்தான் சேரும்.”

“ஏ எஸ்தரு, தளவாயப் பாத்தா இந்தக் கேள்வி கேக்க?”

“எல்லாருட்டயும்தான் கேட்டேன். எல்லாரும் இதையேதான் சொன்னாக.”

நல்ல பெண். கொஞ்சம் நம்பிக்கைக் குறைவு.

ஜூன் 11, புதன்

ஆவுடைக்கு முட்டுவலி. தைலம் வாங்கிக்கொடுத்தேன்.

ஜூன் 16, திங்கள்

நகராட்சி ஆபீஸ் பியூன் நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார். ஜூலை இரண்டாம் தேதி புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கூட்டம். மன்றக் கட்டடம் ஒழுகுவதால் ஒரு வருஷமாகக் கூட்டமெல்லாம் சமுதாயக் கூடத்தில்தான். பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் வார்டு எண் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். என் நாற்காலி முன்வரிசை. முன்வரிசை என்றால் இரண்டாவது வரிசை. எனக்கு முன்னால் இருப்பவர் குள்ளம், ஆகவே அதை முன்வரிசை என்றே எழுதலாம்.

ஊரே இதைத்தான் பேசுகிறது. டீக்கடையில் நான் நுழைந்ததும் பத்திரிகையை எல்லாரும் கீழே வைத்துவிட்டார்கள். பேச்சைத் தயார் செய்யத் தொடங்கிவிட்டேன். முதல் வரி: “மாண்புமிகு தலைவர் அவர்களே, ஒரு கயிறு என்ன விலை?”

ஜூன் 22, ஞாயிறு

சேர்மன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். போகாமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்று நினைப்பார். அதனால் போனேன்.

வாசல்வரை வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சோபாவில் அவர் பக்கத்திலேயே உட்காரவைத்தார். அல்வா வந்தது.

“பாவம் அண்ணாச்சி, ஒங்க மருமவன். மழைய நாம என்ன செய்ய முடியும், சொல்லுங்க.”

நான் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் இரண்டாவது துண்டை வைத்துவிட்டார்கள்.

“ஒங்க வார்டுல பஸ் நிறுத்தம் கட்டுதோம்லா, அதுல ஒங்க பேரக் கிரானைட்டுல வெட்டச் சொல்லிட்டேன். ஒங்க முயற்சிதான அது?”

அந்த நிறுத்தத்துக்கு நான் மனு கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் கொடுத்திருப்பேன்.

கிளம்பும்போது தோளில் கைபோட்டுக் கேட்டார். “நம்ம முப்பிடாதி எப்படி இருக்கான்? நம்ம நகராட்சித் தண்ணித் தொட்டியில மோட்டார் போடுத வேலைதான? ஒப்பந்தம் எப்ப முடியுது?”

“செப்டம்பர்னு சொன்னான்.”

“அப்படியா? சரி சரி. பாத்துக்கிடுவோம்.”

என் மகன் பெயர், அவன் வேலை, அவன் ஒப்பந்தம் முடிகிற மாதம் வரைக்கும் ஒரு சேர்மன் அக்கறையாகக் கேட்கிறார் என்றால் என்ன பாசம் பாருங்கள். ஆவுடையிடம் சொன்னேன். அவள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஜூன் 25, புதன்

கல்வெட்டுப் பட்டறைக்குப் போனேன். “தளவாய்” மட்டும் முடிந்திருந்தது. தங்க நிறம் பூசப்போகிறார்களாம். எழுத்தைத் தடவிப் பார்த்தேன். நல்ல ஆழம்.

ஜூன் 29, ஞாயிறு

பிரமு முருங்கைக்கீரை பறித்துக்கொண்டு வந்தாள். நல்ல வேளையாகப் பேச்சை எழுதி முடித்திருந்தேன். நிற்கவைத்துப் பேசிக் காட்டினேன். ஆவுடை அடுப்படி வாசலில் நின்று கேட்டாள்.

“பத்தடி ஆழம்! பத்தடி ஆழமுள்ள அந்தப் பாதாளத்தில்...” என்று கையை உயர்த்தினேன்.

“அஞ்சடி மாமா.”

“என்னட்டி?”

“அஞ்சடிதான். நான் எறங்கிப் பாத்தேன். அவரத் தூக்கினதுக்கு மறுநாளு. என் நெத்தி வரைக்கும் இருந்துச்சு.” கீரையை உருவிக்கொண்டே சொன்னாள். “கூட்டிச் சொல்ல வேண்டாம் மாமா. உள்ளதே போதும்.”

அவள் இறங்கிப் பார்த்தது எனக்குத் தெரியாது. ஆவுடைக்கும் தெரியாது போல. உள்ளே போய்விட்டாள்.

அஞ்சடி என்று திருத்திக்கொண்டேன். அஞ்சடிக்குக் கையை எவ்வளவு உயர்த்துவது என்று தெரியாமல் இரண்டு தரம் தடுமாறினேன்.

“புதங்கெழம நான் கூடத்து வாசல்ல வந்து நிப்பேன். நீங்க பேசுதது வெளிய கேக்கும்லா?”

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்கும்.”

“பெறவு?”

“பெறவு கைதட்டு. அத நிறுத்த போலீஸ்தான் வரணும்.”

ஜூன் 30, திங்கள்

வாசலில் வேன் வந்து நின்றது. சேர்மன் ஆள் ஒருத்தர் இறங்கி, “சும்மா ஒரு மாத்தத்துக்கு அண்ணாச்சி. மலையில ரெண்டு நாளு. புதங்கெழம காலையில கூட்டத்துக்குக் கொண்டாந்து விட்டுருவோம்” என்றார்.

“கூட்டம் கீழ. நீங்க எதுக்கு மேல போறீக?” என்றாள் ஆவுடை.

“ஆலோசன நடத்துறதுக்கு.”

“யாரு கூட ஆலோசன? யாரு எறங்கணும்னு கையெழுத்துப் போட்டீகளோ, அவுக வண்டியிலயா?”

அரசியல் அவளுக்கு விளங்காது. முப்பிடாதியின் ஒப்பந்தம் பற்றி அவளிடம் இரண்டு வார்த்தை சொன்னேன். அவள், “பிரமு வந்து கேட்டா?” என்றாள்.

“மாமா குரல் பதப்படுத்தப் போயிருக்காருன்னு சொல்லு.”

பேச்சுக்கென்று தேய்த்துவைத்த வெள்ளைச் சட்டையை எடுத்துவந்து என் பையில் திணித்தாள். மடித்துத்தான் வைத்தாள். ஆனால் திணித்த மாதிரி இருந்தது.

வேனில் ஏறினால் எல்லாம் தெரிந்த முகம். எஸ்தரிடம் கையெழுத்துப் போட்டவர்கள்தான் பாதிக்கு மேல். ஒருத்தரும் ஒருத்தரைப் பார்க்கவில்லை. எனக்கு ஜன்னல் ஓரம் ஒதுக்கினார்கள். மரியாதை.

ஜூலை 1, செவ்வாய்

மலை உச்சியில் அரண்மனை போன்ற விடுதி. எனக்குத் தனி அறை. (மூன்று பேர்.) மீன் வறுவல், கோழி, படகு. துடுப்பை வாங்கி நானே ஏரியை இரண்டு சுற்று சுற்றினேன். படகோட்டி இப்படி ஒரு கையை இதுவரை பார்த்ததில்லை என்றான்.

பிரமு போன் செய்துகொண்டே இருந்தாள். மலையில் சிக்னல் இல்லை. விடுதிச் சமையல்காரர் நாள் முழுக்கத் தன் வீட்டோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். அவருடைய போன் வேறு மாதிரி.

ஜூலை 2, புதன்

வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு விடியற்காலையிலேயே கீழே வந்துவிட்டேன். பனி. வேன் நின்றது, டிரைவரைக் காணோம். மற்றவர்கள் போர்வையை விட்டு எழவில்லை.

ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். எங்களை யாரும் பூட்டிவைக்கவில்லை. கேட் திறந்தே கிடந்தது.

கேட்டுக்கு எதிரே டீக்கடை. அங்கே செங்காட்டூர் போகும் அரசுப் பேருந்து நின்றது. கண்டக்டர் டீயைக் குடித்துவிட்டு என் சட்டையைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் போகிற ஆள் என்று நினைத்திருப்பார்.

“செங்காட்டூரா? ஏறுங்க. பத்தரைக்கெல்லாம் எறக்கி விட்டுருவோம்.”

ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தேன். கைப்பிடிக் கம்பி பனியில் சில்லென்று இருந்தது. உள்ளே இடம் இருந்தது, நிறையவே. முப்பிடாதிக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறோம். தண்ணீர்த் தொட்டி வேலை என்று சொல்லித்தான் பெண் வீட்டில் சம்மதித்தார்கள். முட்டு வேறு வலித்தது. ஆவுடையின் முட்டுவலி எனக்கும் தொற்றிவிட்டது போல.

“அண்ணாச்சி, வாரீகளா, இல்லையா?”

“அடுத்த பஸ்சுல வாரேன்” என்றேன்.

அடுத்த பஸ் மத்தியானம்.

பதினோரு மணிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழுப் பேச்சையும் பேசினேன். ஒரு கயிறு என்ன விலை என்று கேட்டேன். அஞ்சடி என்றே சொன்னேன், கூட்டவில்லை. குரல் நன்றாக எழும்பியது. ஓடு பதித்த சுவர் இல்லையா, எழும்பத்தான் செய்யும். வெளியே யாரோ கதவைத் தட்டி, “அண்ணாச்சி, ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார்கள்.

ஜூலை 3, வியாழன்

ஊர் வந்து சேர்ந்தோம். எஸ்தரோடு சேர்த்து மூன்று பேர்தான் கூட்டத்துக்கு வந்தார்களாம். தீர்மானம் விழுந்துவிட்டது. இனி ஒரு வருஷத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாதாம். நான் அதை எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. இது கல்வெட்டில் பொறிக்க வேண்டிய செய்தி: தளவாய் எதிர்த்து ஓட்டுப் போடவில்லை.

ஆவுடை சோறு வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜூலை 4, வெள்ளி

பிரமு வீட்டுக்குப் போனேன். வழியிலேயே எல்லாம் கோத்துவைத்துவிட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு நல்ல கதை அமைந்ததில்லை.

விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். மலைப்பாதையில் மூன்றாவது வளைவில் யானை. கொம்பன். வேன் நின்றுவிட்டது. எல்லாரும் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டார்கள். நான் ஒருத்தன் மட்டும் இறங்கினேன், இந்த வெள்ளைச் சட்டையோடு. “எலே யானை, வழி விடு, எம்மருமவ வாசல்ல நிக்கா” என்றேன். யானை காதை ஆட்டிற்று. ஒரு அடி நான், ஒரு அடி அது...

இந்த இடத்தில் நிறுத்தினேன். வழக்கமாக நிறுத்துகிற இடம்.

பிரமு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் பார்ப்பது போலத்தான். நான் காத்திருந்தேன். தெருவில் கீரைக்காரி கத்திக்கொண்டு போனாள். அவள் குரல் தெருமுனையில் தேய்ந்து போகிறவரைக்கும் காத்திருந்தேன்.

அந்தப் “பெறவு” வரவில்லை.

யானை அங்கேயே நின்றுவிட்டது. அதை எப்படி நகர்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“வந்திருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காதுட்டி” என்றேன். “மூணு பேரு. நான் வந்தா நாலு. பதினாறுக்கு எங்க போக?”

“தெரியும் மாமா. மணி பத்துக்கே தெரிஞ்சுபோச்சு, ஜெயிக்காதுன்னு.” தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். “ஜெயிக்கணும்னுட்டா நான் வாசல்ல நின்னேன்? நாலாவது ஆளா நீங்க இருந்திருக்கலாம்லா?”

தண்ணீரைக் குடித்தேன். நல்ல தண்ணீர்.

ஜூலை 11, வெள்ளி

முப்பிடாதி தண்ணீர்த் தொட்டி வேலையை விட்டுவிட்டான். “எனக்காவவா மலையேறுனீக? நான் ஒங்களக் கேட்டேனா?” என்று சத்தம் போட்டான். பிரமு முகத்தில் முழிக்க முடியவில்லையாம். இந்தக் காலத்துப் பையன்களுக்கு ஒரு வேலையில் நிலைத்து நிற்கத் தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

சாதாரணக் கூட்டம். நவநீதராஜ் மாலையோடு வந்தார். எல்லாரும் எழுந்து நின்றோம். எஸ்தரும் அந்த இரண்டு பேரும் எழவில்லை.

ஆறாவது தீர்மானம், பாதாளச் சாக்கடைப் பணிக்கு அதே ஒப்பந்தக்காரருக்குக் கால நீட்டிப்பு. எஸ்தர் எழுந்து, “குழியச் சுத்தித் தடுப்பு போட்டாச்சா?” என்று கேட்டாள். சேர்மன், “அடுத்த தீர்மானம்” என்றார். மேஜையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். எல்லாரும் தட்டும்போது கை தானாகத் தட்டுகிறது.

கூட்டம் முடிந்து எல்லாரும் டீக்குப் போனார்கள். எஸ்தர் என் வரிசைக்கு வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். அவள் என் நாற்காலியின் முதுகில் கைவைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

“அன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு வாட்ச்மேன் நாற்காலி எல்லாத்தையும் அடுக்க ஆரம்பிச்சான் அண்ணாச்சி. ஒங்க மருமவ உள்ள வந்து இந்த ஒண்ண மட்டும் எடுக்கவிடல. ‘எங்க மாமா கத சொல்லுவாரு, ஆனா வந்துருவாரு’ன்னா. வெளிய போயி ரோட்டப் பாக்கா, உள்ள வந்து இதப் பாக்கா. பெறவு கூடத்தப் பூட்டணும்னு அவன் சத்தம் போட்டான். அவளே தூக்கிட்டுப் போயி அடுக்குமேல வெச்சா.”

நான் அவளுக்கு யானையைச் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பின்னால் திரும்பி நாற்காலியைப் பார்த்தேன். பதினொன்று என்று எழுதிய காகிதம் ஒரு மூலையில் கிளம்பியிருந்தது. எச்சில் தொட்டு ஒட்டினேன்.

ஜூலை 30, புதன்

பஸ் நிறுத்தத் திறப்பு விழா. கூட்டம். ரிப்பன். சால்வை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிரமு இன்று திருப்பூர் போய்விட்டாள். பனியன் கம்பெனி. கொம்பையாவின் அக்கா அங்கே இருக்கிறாள், கூடத் தங்கிக்கொள்வாளாம். ஆவுடைதான் சொன்னாள். என்னிடம் நேரில் சொல்ல நேரம் கிடைத்திருக்காது.

முறுக்குப் பொட்டலத்தோடு நிறுத்தத்துக்கு ஓடினேன். புது நிறுத்தம்தான். புதுச் சிமென்ட் திண்டில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்கு நேர்மேலே கறுப்புக் கல்லில் தங்க எழுத்து: “பதினொன்றாவது வார்டு உறுப்பினர் திரு. கா. தளவாய் அவர்களின் பெருமுயற்சியால்.” வெயிலில் நன்றாக மின்னுகிறது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“அத்த முறுக்கு சுட்டாளா?” என்று வாங்கிக்கொண்டாள்.

“திருப்பூரு எனக்குத் தண்ணிபட்ட பாடுட்டி” என்று ஆரம்பித்தேன். “ஒரு தரம் அங்க போயிருந்தப்ப ஸ்டேசன்ல ஒரு ஆளு...”

அந்த ஆளை நான் ஸ்டேஷனிலேயே நிறுத்திவிட்டேன். அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அத்தைக்கு முட்டுக்கு எண்ண தேச்சு விடுங்க மாமா. தைலம் கேக்காது.”

“சரி.”

“முப்பிடாதிய ஏசாதீக. நல்லவன்.”

“சரி.”

பஸ் வந்தது. பையை நான் தூக்கப்போனேன், அதற்குள் அவளே தூக்கிக்கொண்டாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையைக் காட்டினாள். பெரியவர்களுக்குக் காட்டுகிற மாதிரி, மரியாதையாக.

பஸ் போனபிறகு கொஞ்சநேரம் திண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். பாய் விற்கிற வெளியூர் ஆள் ஒருத்தர் தலைச்சுமையை இறக்கிவைத்துவிட்டு நிழலுக்கு வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அண்ணாந்து கல்லை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“தளவாய்... ஆரு அண்ணாச்சி இவரு? பெரிய ஆளோ?”

முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஊரில் யாரும் கேட்டதில்லை.

“தெரியல. நான் வெளியூரு” என்றேன்.